ஊருக்கு ஒரே ஒரு கப்பல்

2018 பிப்ரவரி 10. ஜேம்ஸ்டவுன் என்ற சின்ன ஊரின் கடற்கரையில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். குழந்தைகள், பெரியவர்கள், கடையை மூடிவிட்டு வந்தவர்கள், ஆபீஸிலிருந்து நேராக வந்தவர்கள். எல்லாருக்கும் பார்வை ஒரே திசையில். கொஞ்ச தூரத்தில், கடலில் நங்கூரம் பாய்ச்சி ஒரு கப்பல் நின்றது. அப்படியொன்றும் பிரமாதமான கப்பல் இல்லை. 105 மீட்டர் நீளம். பாதி சரக்கு, பாதி பயணிகள். இருபத்தெட்டு வருஷமாக உழைத்துக் களைத்த கப்பல்.

நங்கூரம் எடுத்தார்கள். கப்பல் ஊதியது. சின்னப் படகுகள் கொஞ்ச தூரம் கூடவே போய் வழியனுப்பின. கரையில் இருந்தவர்களில் பல பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஒரு கப்பல் ரிடையர் ஆவதற்கு அழுவார்களா?

அழுவார்கள். அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டால் நீங்களும் கொஞ்சம் கலங்குவீர்கள்.

செயிண்ட் ஹெலினா. தெற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே ஒரு பாறைத் தீவு. பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்து வைத்த இடம். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கும். மொத்தப் பரப்பு சுமார் 120 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்கு முந்தைய பழைய சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. ஜனத்தொகை சுமார் 4,500. நம்மூரில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் வளாகத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். பக்கத்து ஆப்பிரிக்கக் கரை சுமார் 1,900 கிலோமீட்டர். கேப் டவுன் 3,100 கிலோமீட்டர். பக்கத்துத் தீவான அசென்ஷன் என்பதே 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

2017 வரைக்கும் இந்தத் தீவுக்கு விமானம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள். வேறு வழியே இல்லை.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை பஸ் வரும் கிராமம் நமக்குத் தெரியும். அந்த பஸ் வந்தால்தான் பேப்பர் வரும், தபால் வரும், டவுனுக்குப் போன மாப்பிள்ளை வருவார். ஒரு நாள் டயர் பஞ்சர் என்றால் மொத்த கிராமமும் டீக்கடை வாசலில் நின்று டிரைவரைத் திட்டும். அந்த பஸ் மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதை விட்டால் பொடிநடையாகப் போவதற்கும் பாதை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் செயிண்ட் ஹெலினா.

இந்தத் தீவின் வரலாறு என்பது ராஜாக்களின் வரலாறு இல்லை. கப்பல் கம்பெனிகளின் வரலாறு. எந்தக் கம்பெனி வந்தது, எப்போது போனது, போனபோது தீவு என்ன ஆனது. இவ்வளவுதான்.

முதலில் வந்தது நமக்கு நன்றாகத் தெரிந்த கம்பெனி.

1502-இல் போர்த்துகீசிய மாலுமி ஜோவா ட நோவா இந்தத் தீவைக் கண்டுபிடித்தபோது அங்கே மனிதர்களே கிடையாது. நல்ல தண்ணீர் இருந்தது, மரங்கள் இருந்தன. போர்த்துகீசியர்கள் ஆடுகளை விட்டார்கள், பழ மரங்கள் நட்டார்கள், போய்விட்டார்கள். வருகிற போகிற கப்பல்களுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். 1659-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டை கட்டியது. ஆட்களைக் குடியேற்றியது. அடிமைகளையும் கொண்டுவந்தது. இன்றைக்குத் தங்களை 'செயிண்ட்ஸ்' என்று அழைத்துக்கொள்ளும் அந்தத் தீவு மக்கள், ஆங்கிலேயர், ஆப்பிரிக்கர், ஆசியர் என்று எல்லாரும் கலந்து பிறந்த வம்சம்.

கம்பெனிக்கு எதற்கு இந்தப் பாறை? கணக்கு சுலபம். சென்னையிலும் கல்கத்தாவிலும் சரக்கு ஏற்றிக்கொண்டு லண்டன் திரும்பும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். மாசக்கணக்கில் பயணம். பச்சைக் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி வந்து, ஈறு வீங்கி, பல் விழுந்து மாலுமிகள் செத்துப்போவார்கள். நடுவழியில் நல்ல தண்ணீரும் காய்கறியும் கிடைக்கிற இடம் என்றால் அது தங்கச் சுரங்கம் மாதிரி.

1805-இல் சென்னையில் கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பிய ஆர்தர் வெல்லெஸ்லி என்ற தளபதியும் வழியில் இங்கே இறங்கினார். 'ப்ரையர்ஸ்' என்ற இடத்தில் தங்கினார். பத்து வருஷம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான். தோற்ற நெப்போலியனைத் தீவுக்குக் கொண்டுவந்தபோது அவருக்கான வீடு தயாராகவில்லை. எனவே முதல் சில வாரங்கள் தங்க வைத்த இடம்? அதே ப்ரையர்ஸ்.

நெப்போலியனை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே எல்பா தீவிலிருந்து தப்பித்தவர் அவர். செயிண்ட் ஹெலினாவிலிருந்து அது முடியாது. கப்பல் இல்லாமல் யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. 1821-இல் அங்கேயே செத்துப்போனார். பிற்பாடு தென்னாப்பிரிக்காவின் போயர் யுத்தத்தில் பிடிபட்ட சுமார் 6,000 கைதிகளை 1900 முதல் இங்கே கொண்டுவந்து அடைத்ததற்கும் காரணம் அதே.

கைதிகளுக்கு மட்டுமல்ல. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அதே விதிதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1834-இல் தீவு கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியது. அதற்குப் பிறகும் கப்பல்களுக்குக் குறைவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வருஷத்துக்கு ஆயிரம் கப்பல்கள்வரை வந்தன என்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கப்பல்! தண்ணீர் விற்றார்கள், மாட்டிறைச்சி விற்றார்கள், துணி துவைத்துக் கொடுத்தார்கள். ஜேம்ஸ்டவுன் கடைத்தெருவில் உலகத்தின் எல்லா பாஷையும் கேட்டது.

பிறகு 1869. பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, எகிப்தில் ஒரு கால்வாயைத் திறந்தார்கள். சூயஸ்.

முடிந்தது கதை. இந்தியாவுக்குப் போகிற கப்பல் எதற்காக ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டும்? போதாக்குறைக்கு நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு வழியில் இளைப்பாறத் தேவையும் குறைவு. புதிய நான்குவழிச் சாலை போட்டதும் பழைய சாலையில் இருந்த ஓட்டல்கள் ஈயோட்டுமே, அதே நிலைமை. ஓட்டல்காரராவது புதுச் சாலைக்குக் கடையை மாற்றிக்கொள்ளலாம். தீவை எப்படி மாற்றுவது?

தீவிலிருந்து பிழைப்பு தேடி வெளியேறுவது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

*

அடுத்த கம்பெனி, யூனியன்-காஸில். 1900-இல் இரண்டு பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒன்றாகி உருவானது. இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தம் அவர்கள் கையில். வெளிர் ஊதா நிறத்தில் அழகழகான கப்பல்கள். பல வருஷங்களுக்கு வியாழக்கிழமை மாலை 4 மணி என்றால் சௌதாம்ப்டனில் ஒரு யூனியன்-காஸில் கப்பல் புறப்படும். கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.

ஆனால் அந்த அதிவேகக் கப்பல்கள் செயிண்ட் ஹெலினாவில் நிற்காது. எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனில் நிற்குமா? தீவுக்கு வந்தவை மெதுவாகப் போகிற இரண்டாம் வரிசைக் கப்பல்கள். அதுவும் கம்பெனி தயவில்.

தீவுக்குப் பிழைப்புக்கு ஒரு வழி கிடைத்தது அந்தக் காலத்தில்தான். கற்றாழை மாதிரி நீளமான இலை கொண்ட ஒரு நார்ச்செடி. ஃப்ளாக்ஸ் என்பார்கள். 1907-இல் அரசாங்கம் அதற்கு ஓர் ஆலை வைத்தது. மலைச்சரிவெல்லாம் அதைப் பயிரிட்டார்கள். நார் எடுத்து, கயிறு திரித்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். முக்கியமான வாடிக்கையாளர் பிரிட்டிஷ் தபால்துறை. தபால் கட்டுகளைக் கட்டுவதற்கு அந்தக் கயிறு.

1960-களில் லண்டனில் யாரோ ஓர் அதிகாரி கணக்குப் பார்த்தார். செயற்கை இழை மலிவு. மாற்றிக்கொண்டார்கள். தபால்துறைக்குச் சில காசு மிச்சம். 1966-இல் தீவின் ஒரே தொழில் மூடப்பட்டது. அந்தச் செடி மட்டும் இன்றைக்கும் மலையெங்கும் காடாக மண்டிக் கிடக்கிறது. வெட்டுவதற்கு ஆள் இல்லை, வாங்குவதற்கும் ஆள் இல்லை.

ஏற்றுமதி இல்லாத தீவுக்கு எந்தக் கப்பல் வரும்? வருகிறபோது சரக்கு இருக்கும். திரும்பும்போது காலி. இருந்தும் யூனியன்-காஸில் 1967-இல் ஓர் ஏற்பாடு செய்தது. 'குட் ஹோப் காஸில்', 'சௌதாம்ப்டன் காஸில்' என்ற இரண்டு சரக்குக் கப்பல்களில் பன்னிரண்டு பன்னிரண்டு பேர் பயணம் செய்ய இடம் ஒதுக்கினார்கள்.

அதென்ன பன்னிரண்டு? சர்வதேசச் சட்டப்படி பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல். ஏகப்பட்ட விதிமுறைகள், ஏகப்பட்ட செலவு. பன்னிரண்டு வரைக்கும் சரக்குக் கப்பல்தான். ஆக, சுமார் ஐயாயிரம் பேர் வாழ்கிற தீவிலிருந்து ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் வெளியே போகலாம். அதையும் மற்ற பயணிகளோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

1973 ஜூனில் அதற்கும் சோதனை. அசென்ஷனிலிருந்து செயிண்ட் ஹெலினா வந்துகொண்டிருந்த குட் ஹோப் காஸிலில் நடுக்கடலில் தீ. எல்லாரும் படகுகளில் இறங்கித் தப்பித்தார்கள். அந்த வழியாக வந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று காப்பாற்றியது. எரிந்த கப்பலைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள்.

ஆனால் கம்பெனியை எரித்தது வேறு நெருப்பு. மேலே ஜெட் விமானம், கீழே கண்டெய்னர் பெட்டி. பயணிகள் விமானத்துக்குப் போய்விட்டார்கள். சரக்கு பெட்டிக்குள் போய்விட்டது. 1977-இல் யூனியன்-காஸில் தபால் கப்பல் சேவை நின்றது. தென்னாப்பிரிக்காவுக்கு அதனால் நஷ்டமில்லை. அவர்களுக்கு விமானம் இருந்தது, கண்டெய்னர் கப்பல் இருந்தது.

செயிண்ட் ஹெலினாவுக்கு? ஒன்றும் இல்லை.

*

இப்போதுதான் கதையில் கர்னோ ஷிப்பிங் வருகிறது.

பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியில் இயங்கிய ஒரு சின்ன நிறுவனம். அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். பெரிய பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத வேலையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் மானியம் தரும், கர்னோ கப்பல் ஓட்ட வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

கப்பல் வேண்டுமே? புதிதாகக் கட்ட நேரமும் இல்லை, காசும் இல்லை. கனடாவில் ஒரு கப்பல் கிடைத்தது. 'நார்த்லேண்ட் பிரின்ஸ்'. 1963-இல் கட்டியது. வான்கூவரிலிருந்து வடக்கே, குளிர்ப் பிரதேசத்துக் கரையோர ஊர்களுக்கு சாமானும் ஆளும் ஏற்றிப்போன வண்டி. அதை வாங்கி, பெயர் மாற்றி, 1978-இல் வெயில் கொளுத்தும் அட்லாண்டிக்குக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். புதுப் பெயர் ஆர்.எம்.எஸ். செயிண்ட் ஹெலினா.

நமக்கு ஆர்.எம்.எஸ். என்றால் ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிற தபால் ஆபீஸ். இங்கே அது ராயல் மெயில் ஷிப். அரசாங்கத் தபாலைச் சுமக்கிற கப்பல். தீவு ஜனங்களுக்கு முழுப் பெயரெல்லாம் தேவைப்படவில்லை. 'ஆர்.எம்.எஸ்.' என்றால் போதும். ஒரே கப்பல்தானே!

இங்கிலாந்து, கேனரி தீவுகள், அசென்ஷன், செயிண்ட் ஹெலினா, கேப் டவுன். போய், திரும்பி, மறுபடியும் போய். அரிசி, மாவு, மருந்து, சிமெண்ட், கார், பள்ளிக்கூடப் புத்தகம், கல்யாணத்துக்கு உடுப்பு, கிறிஸ்துமஸுக்குப் பொம்மை. எல்லாம் அந்த ஒரே வயிற்றுக்குள்.

நான்கு வருஷம் ஓடியது. 1982-இல் ஃபாக்லாந்து யுத்தம். பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் தெற்கு அட்லாண்டிக்கில் சண்டை. பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கப்பல்கள் போதவில்லை. எது கிடைத்தாலும் கொடு என்றார்கள். ஆர்.எம்.எஸ்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். கடல் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்குத் துணைக் கப்பலாக அது போனது. செயிண்ட்ஸ் மாலுமிகளும் அதில் போனார்கள். தீவுக்கு ஏதோ ஒரு வாடகைக் கப்பலைப் பிடித்து ஒப்பேற்றினார்கள்.

இதில் ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருஷம், 1981-இல்தான், பிரிட்டன் ஒரு புதிய குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி செயிண்ட் ஹெலினாக்காரர்கள் பிரிட்டனில் போய்க் குடியிருக்கும் உரிமை பறிபோனது. ஹாங்காங்கிலிருந்து லட்சக்கணக்கில் வந்துவிடுவார்களோ என்று பயந்து போட்ட சட்டம். நடுவில் இந்த ஐயாயிரம் பேரும் அடிபட்டார்கள். 1673-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் எழுதிக்கொடுத்த சாசனத்தில், இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு என்ன உரிமையோ அதே உரிமை தீவுக்காரர்களுக்கும் உண்டு என்று இருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ராஜாவின் தபாலைச் சுமக்கிற கப்பல் வரும். அதில் ஏறி ராஜாவின் ஊருக்குப் போய்க் குடியேற மட்டும் முடியாது.

சர்ச்சும் மக்களும் சேர்ந்து போராடினார்கள். மனு, கடிதம், மறுபடி மனு. எல்லாம் அதே கப்பலில்தான் லண்டனுக்குப் போயாக வேண்டும். உரிமை திரும்பக் கிடைத்தது 2002 மே 21-இல். தீவைக் கண்டுபிடித்து சரியாக 500 வருஷம் ஆன நாள்.

*

பழைய கப்பல் போதவில்லை. இங்கிலாந்து அரசு புதிதாக ஒன்று கட்டச் சம்மதித்தது. இந்தத் தீவுக்காகவே அளவெடுத்துத் தைத்த கப்பல். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ஹால் ரஸ்ஸல் தளத்தில் கட்டினார்கள். 1989-இல் இளவரசர் ஆண்ட்ரூ வந்து கடலில் இறக்கினார். கட்டிக்கொண்டிருந்தபோதே அந்தக் கப்பல் தளம் திவாலாகிவிட்டது. நூற்றாண்டுகளாகக் கப்பல் கட்டிய அபர்டீனில் கட்டிய கடைசிக் கப்பல் இதுதான். 1990-இல் வேலைக்கு வந்தது. ஆரம்பத்தில் 128 பயணிகள். கப்பலிலேயே டாக்டர், சின்ன ஆஸ்பத்திரி.

நாம் முதலில் கண்ணீரோடு வழியனுப்பிய கப்பல் இதுதான்.

இதில் போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் பொறாமையாக இருக்கும். காலையில் 11 மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது, சூடாக மாட்டிறைச்சி சூப் தருவார்கள். ஏன் என்று கேட்கக்கூடாது, அது பழைய பிரிட்டிஷ் கப்பல் வழக்கம். மத்தியானம் மேல்தளத்தில் வலையைக் கட்டி கிரிக்கெட். கப்பல் சிப்பந்திகள் ஒரு அணி, பயணிகள் ஒரு அணி. சிப்பந்திகளில் பெரும்பாலோர் தீவுக்காரர்கள். பரிமாறுகிறவர் உங்களோடு படித்தவராக இருப்பார். இல்லையென்றால் அத்தை பையனாக இருப்பார். ஐந்து நாளில் கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் கதையும் தெரிந்துவிடும்.

இறங்குவதுதான் சாகசம். ஜேம்ஸ்டவுனில் கப்பல் வந்து ஒட்டி நிற்கத் துறைமுகமே இல்லை. கப்பல் வெளியே நிற்கும். சின்னப் படகில் இறங்கிக் கரைக்கு வர வேண்டும். அங்கே படிக்கட்டு, மேலே தொங்கும் கயிறுகள். அலை படகைத் தூக்கும் நொடியில் கயிற்றைப் பிடித்து எட்டி வைக்க வேண்டும். ஒரு நொடி தப்பினால் குளியல். நடக்க முடியாத பாட்டிகளை ஒரு கூண்டில் உட்கார வைத்து கிரேனால் தூக்கிக் கப்பலில் வைப்பார்கள். சரக்கெல்லாம் தட்டைப் படகுகளில் வந்து சேரும்.

கப்பல் வந்த வாரம் கடைகளில் திருவிழா. உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆப்பிள். போகப்போக அலமாரி காலியாகும். 'அடுத்த கப்பலில் வரும்' என்பார் கடைக்காரர். தீவில் அதிகம் கேட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் கேப் டவுன். கப்பல் கிளம்பிய மறுநாள் நோய் முற்றினால் என்ன செய்வது? கடல் நடுவிலிருந்து கப்பல் திரும்பி வந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. திரும்ப முடியாத தூரத்தில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆர்.எம்.எஸ். கொண்டுவந்தது சாமான். கொண்டுபோனது ஆட்கள். அசென்ஷன் தீவில் ராணுவ விமானதளம் இருந்தது, அங்கே வேலை. ஃபாக்லாந்தில் வேலை. 2002-க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேலை. அம்மா அசென்ஷனில், அப்பா ஃபாக்லாந்தில், பிள்ளை பாட்டியிடம். துபாய்க்கும் சவூதிக்கும் ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அந்த வலி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம். நம் ஆள் ஆபத்தென்றால் மறுநாள் விமானம் பிடிப்பான். அவர்கள் அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்தால், கப்பல் வரும் தேதியைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு சில பயணங்களில் ட்ரிஸ்டன் டா குன்யாவுக்கும் போய்வந்தது ஆர்.எம்.எஸ். அது இன்னும் தெற்கே, சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி, 250 பேர் மட்டும் வாழ்கிற எரிமலைத் தீவு. செயிண்ட் ஹெலினாவே அவர்களுக்கு டவுன்!

*

1999 நவம்பர். இங்கிலாந்திலிருந்து தெற்கே கிளம்பிய ஆர்.எம்.எஸ்ஸின் இயந்திரம் கெட்டது. பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் போய் ஒதுங்கியது. கிறிஸ்துமஸ் சாமான் எல்லாம் உள்ளே. பயணிகள் பாதி வழியில். தீவில் கடைகள் காலியாக ஆரம்பித்தன.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஊருக்கு ஒரே ஒரு கப்பல். அதற்கு ஒன்று ஆனால்?

விமான நிலையம் வேண்டும் என்ற குரல் பலமானது. 2002-இல் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை விமானத்துக்கு ஓட்டுப் போட்டது. இதற்கிடையில் 2001-இல் கப்பலை நடத்தும் ஒப்பந்தம் கர்னோவிடமிருந்து ஆண்ட்ரூ வெயர் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனது. கப்பல் அதே, மாலுமிகள் அதே. பலகை மட்டும் மாறியது.

லண்டனில் அதிகாரிகள் போட்ட கணக்கு இதுதான். கப்பலுக்கு வருஷா வருஷம் மானியம் கொடுக்கிறோம். கப்பலுக்கு வயதாகிறது. இன்னொரு கப்பல் கட்டினால் இன்னும் முப்பது வருஷம் மானியம். விமான நிலையம் கட்டினால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், தீவு சொந்தக் காலில் நிற்கும், மானியம் மிச்சம். 2005-இல் கட்டுவதாக அறிவித்தார்கள். 2008-இல் நிறுத்தி வைத்தார்கள். 2011-இல் ஒரு தென்னாப்பிரிக்க கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். சமதளமே இல்லாத தீவில் ஒரு பள்ளத்தாக்கையே மண் கொட்டி நிரப்பி ஓடுபாதை போட்டார்கள். மொத்தம் 28.5 கோடி பவுண்டு. ஆளுக்குக் கணக்குப் போட்டால் தலைக்கு அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல்.

2016 மே மாதம் திறப்பு விழா. ஜூனில் ஆர்.எம்.எஸ். லண்டனுக்கே போய், தேம்ஸ் நதியில் நின்று எல்லாருக்கும் டாட்டா காட்டிவிட்டு வந்தது.

ஆனால் திறப்பு விழா நடக்கவில்லை. ஏப்ரலில் சோதனைக்கு வந்த போயிங் 737 இறங்கும்போது தடுமாறியது. காற்று. ஓடுபாதையின் ஒரு முனையில் செங்குத்தான பாறை. கடலிலிருந்து வரும் காற்று அதில் மோதிச் சுழல்கிறது. விமானத்துக்கு ஆகாது.

இதைக் கண்டுபிடிக்க 2016 வரை காத்திருக்க வேண்டுமா? 1836-இல் சார்லஸ் டார்வின் இந்தத் தீவுக்கு வந்தார். மேட்டுச் சமவெளி ஒன்றின் முனையில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்றார். அவர் நின்ற இடத்தில் காற்றே இல்லை. சில கஜ தூரத்தில் பறவைகள் பலத்த காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. அதிசயப்பட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தார். புத்தகம் உலகப் பிரசித்தம். திட்டம் போட்டவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போல!

பத்திரிகைகள் 'உலகத்திலேயே உபயோகமில்லாத விமான நிலையம்' என்று கேலி செய்தன. வழியனுப்பிவிட்ட கிழட்டுக் கப்பலை, கொஞ்சம் பொறுத்துக்கொள் தாயே என்று மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஓடியது. 2017 மார்ச்சில் அதுவும் பழுதாகி கேப் டவுன் பக்கத்தில் படுத்துவிட்டது. பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் மே 3-ஆம் தேதி ஒரு சிறிய ஜெட்டை வாடகைக்குப் பிடித்து அனுப்பினார்கள். அது பத்திரமாக இறங்கியது. பயணிகளோடு அந்த விமான நிலையத்தில் இறங்கிய முதல் வணிக விமானமே, கப்பல் படுத்ததால் வந்ததுதான்.

2017 அக்டோபர் 14. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஏர்லிங்க் நிறுவனத்தின் முறையான முதல் விமானம். பெரிய போயிங் இல்லை, சிறிய எம்ப்ரேயர். சுமார் நூறு பேர் போகக்கூடியதில் ஆரம்பத்தில் 76 பேரைத்தான் ஏற்றினார்கள். ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

நான்கு மாதம் கழித்து ஆர்.எம்.எஸ். கிளம்பியது.

பிறகு அதற்கு வந்த பிழைப்பு வேறு கதை. விற்றார்கள். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் காவலர்களின் துப்பாக்கிகளைச் சேர்த்து வைக்கிற மிதக்கும் கிடங்காக்கப் பார்த்தார்கள். சீக்கிரமே இன்னொரு கை மாறியது. 2021-இல் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் ஈ' என்ற மின்சாரக் கார் பந்தயத்துக்கு, ஊர் ஊராக கார்களைச் சுமக்கிற கப்பலாகப் போனது. பெயரில் செயிண்ட் ஹெலினா மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தீவுக்கு நல்லதா, கெட்டதா? சந்தேகமே வேண்டாம், நல்லது. நெஞ்சுவலி வந்தவருக்கு ஐந்து நாள் கடல் ஒரு தண்டனை. விமானம் அதை ரத்து செய்தது. கப்பலை நினைத்து உருகுகிறவர்களில் கணிசமானவர்கள் ஒரு தடவை சுற்றிப் பார்க்கப் போனவர்கள். அவசரத்துக்கு அதை நம்பி இருந்தவர்கள் இல்லை.

ஆனால் கரையில் நின்று அழுத தீவுக்காரர்களின் கண்ணீரும் பொய்யில்லை. மூன்றரை நூற்றாண்டில் அந்தத் தீவுக்குக் கப்பல் விட்ட ஒவ்வொரு கம்பெனியும் தன் லாபத்துக்கு வந்தது, லாபம் இல்லையென்றதும் போனது. சூயஸ் திறந்தபோது தீவைக் கேட்கவில்லை. கயிறை மாற்றியபோது கேட்கவில்லை. யூனியன்-காஸில் மூட்டை கட்டியபோதும் கேட்கவில்லை. 1978-க்குப் பிறகு வந்த கப்பல் ஒன்றுதான் லாபத்துக்காக ஓடவில்லை. நஷ்டக் கணக்கிலேயே ஓடியது. ஓட்டியதும் பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகள். அதனால்தான் அதை மட்டும் 'எங்கள் கப்பல்' என்றார்கள்.

ஐயாயிரம் பேருக்காக இவ்வளவு செலவா என்று லண்டன் பத்திரிகைகள் கேட்டுக்கொண்டே இருந்தன. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஐயாயிரம் பேரும் தாமாகப் போய் அங்கே குடியேறியவர்கள் இல்லை. அவர்களின் பாட்டன், முப்பாட்டன்களில் பாதிப் பேரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதே ஒரு கம்பெனிதான். கொண்டுபோய் விட்டவன்தானே வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டும்?

சரக்குக்கு இப்போதும் கப்பல்தான். ஆர்.எம்.எஸ். போன பிறகு 'எம்.வி. ஹெலினா' என்ற சின்ன சரக்குக் கப்பல் கேப் டவுனிலிருந்து அந்த வேலைக்கு வந்தது. வெங்காயம் விமானத்தில் ஏறாது.

ஆக, கடை அலமாரி காலியானால் செயிண்ட் ஹெலினாக்காரர் இன்னமும் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்: "அடுத்த கப்பல் என்றைக்கு?"